நான் ஒளிச்சு வச்ச மூச்சு மெஷின்

ஆண்டவருக்குள்ள பிரியமானவங்களே, உங்க எல்லாருக்கும் என் தோத்திரம். இந்த சாட்சியை ரொம்ப நாளா தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன். கேன்சரைப் பத்தி எழுந்து சொல்றாங்க, கடனைப் பத்தி சொல்றாங்க. குறட்டையைப் பத்தி எப்படிச் சொல்றது? அதுவும் ஒரு பொம்பள. இப்ப சொல்லும்போதும் முகம் சூடாகுது.

நான் கடலூர் முதுநகர்ல ஒரு பள்ளிக்கூடத்துல டீச்சர். என் வீட்டுக்காரர் செம்மங்குப்பத்துல ஒரு கெமிக்கல் கம்பெனியில ஷிப்ட் வேலை. 2008-லேருந்து எனக்கு பகல்ல கண்ணு தானா சொருகும். காலையில எழுந்தா தலை வெடிக்கும். எவ்வளவு தூங்கினாலும் தூங்காத மாதிரியே இருக்கும். ஒரு நாள் ஏழாம் வகுப்புல பிள்ளைங்களைக் கணக்குப் போடச் சொல்லிட்டு நாற்காலியில உக்காந்தேன். சிரிப்புச் சத்தம் கேட்டு முழிச்சேன். வாயெல்லாம் எச்சில். வாசல்ல ஹெச்.எம். அம்மா நிக்கிறாங்க. பிள்ளைங்க என் குறட்டையைக் கேட்டு சிரிச்சிருக்குங்க. அன்னைக்கு பாத்ரூம்ல போயி அழுதேன்.

அடுத்த வருஷம் என் பொண்ணு ஷீபாவுக்கு சிதம்பரத்துல சம்பந்தம் முடிஞ்சுது. நிச்சயம் முடிஞ்சு ரெண்டு குடும்பமும் ஒரே வேன்ல துணி எடுக்கப் போனோம். புவனகிரி தாண்டறதுக்குள்ள நான் தூங்கிட்டேன். கண்ணைத் திறந்தப்போ மாப்பிள்ளை வீட்டுச் சின்னப் பசங்க என்னை மாதிரியே சத்தம் போட்டுக் காட்டிக்கிட்டு இருக்காங்க. பெரியவங்க அதட்டினாங்க. அந்த அதட்டல்தான் எனக்கு இன்னும் அவமானமா இருந்துது. ஷீபா ஜன்னல் பக்கமா திரும்பிக்கிட்டா.

உபவாசம் இருந்து ஜெபிச்சேன். "ஆண்டவரே, இந்தக் குறட்டையை எடுத்துப் போடுங்க." போகல. உடம்புதான் இன்னும் கனத்துது, பிரஷரும் ஏறுச்சு.

ஒரு நாள் என் வீட்டுக்காரர் சொன்னார்: "ஜெயா, நீ குறட்டை விட்டா எனக்குப் பயமில்ல. திடீர்னு நிறுத்துற பாரு, அப்பதான் பயமா இருக்கு. மூச்சே வர்றதில்ல. நான் உலுக்கினாதான் வருது."

2010-ல பாண்டிச்சேரியில ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனார். உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி தூங்க வச்சுப் பாத்தாங்க. தூக்கத்துல தொண்டை அடைச்சுக்குது, மூச்சு நின்னு நின்னு வருது, இதயத்துக்கு ஆபத்துன்னு டாக்டர் சொன்னார். இனிமே தூங்கும்போதெல்லாம் ஒரு மெஷின் மாட்டிக்கணும்னார்.

அந்த மெஷினை நீங்க பாத்திருக்க மாட்டீங்க. சின்ன டப்பா, அதுலேருந்து ஒரு நீளக் குழாய், மூக்கு மேல ஒரு மாஸ்க், தலையைச் சுத்தி பட்டை. கரண்ட்ல ஓடும். காத்தை உள்ள தள்ளிக்கிட்டே இருக்கும். முதல் தடவை மாட்டினதும் தண்ணியில முக்கின மாதிரி இருந்துது. பிடுங்கிப் போட்டேன். வாயைத் திறந்தா காத்து புஸ்ஸுன்னு வாய் வழியா அடிக்கும். கண்ணாடியில என்னைப் பாத்தேன். தும்பிக்கை வச்ச மாதிரி ஒரு உருவம். இப்படியா புருஷன் பக்கத்துல படுக்கறது?

அவர்தான் விடல. சாயங்காலம் டி.வி. பாக்கும்போது சும்மா உக்காந்து மாட்டிக்கச் சொல்வார். மெஷின் குடுத்தவங்க சொல்லிக் குடுத்த வழி அது. பைபிள் வாசிக்கும்போது கொஞ்ச நேரம், துணி மடிக்கும்போது கொஞ்ச நேரம். பெரிய மாஸ்கை மாத்தி சின்னதா வாங்கினோம். கொஞ்சம் கொஞ்சமா பழகுச்சு. ஒரு காலையில எழுந்தேன், தலைவலி இல்ல. கிளாஸ்ல கடைசி மணி வரைக்கும் முழிச்சிருந்தேன்.

ஆனா யாருக்கும் சொல்லல. கன்னத்துல பட்டை பதிஞ்ச கோட்டைப் பாத்து யாராவது கேட்டா, தலகாணி அழுந்திடுச்சும்பேன். காலையில முதல் வேலையா அதை ஒரு துணிக்கடைப் பையில போட்டு பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டிடுவேன். பெத்த பொண்ணுக்கே தெரியாது.

2011 கடைசியில அந்தப் புயல் வந்துது. கடலூர்க்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. முந்திரி, பலா எல்லாம் வேரோட சாஞ்சுது, கரண்ட் கம்பம் ஒண்ணு விடாம விழுந்துது. எப்ப கரண்ட் வரும்னு யாருக்கும் தெரியல. மெஷின் வெறும் டப்பா ஆயிடுச்சு.

பழைய கஷ்டம் முன்னைவிட மோசமா திரும்பி வந்துது. அடுப்புக்கு முன்னாடி நின்னுக்கிட்டே தூங்கி, முந்தானை கருகிடுச்சு. படுத்தா மூச்சு அடைச்சு பதறி எழுந்திருப்பேன். என் வீட்டுக்காரர் பக்கத்துலயே உக்காந்து என்னை உலுக்கிக்கிட்டே இருப்பார். அவர் கண்ணும் உள்ள போயிடுச்சு. தெருமுனைக் கடையில ஜெனரேட்டர் ஓடுச்சு, எல்லாரும் அங்க போயி செல்போன் சார்ஜ் போட்டாங்க.

"நான் போயி கேக்கறேன், ஜெயா. நம்ம ஆளுதான், ஒரு ஒயர் இழுத்துக்கலாம்."

"எதுக்குன்னு கேப்பாங்க. வேணாங்க. மானம் போயிடும்."

அவர் முதல் தடவையா என்னைக் கோபமா பாத்தார். "உயிரு போறது பரவாயில்லயா?"

நான் போயி முழங்கால் போட்டேன். என்ன ஜெபிச்சேன்னு சொல்ல வெட்கமா இருக்கு. "ஆண்டவரே, என்னைப் பிழைக்க வையுங்க. ஆனா யாருக்கும் தெரியாம பிழைக்க வையுங்க." இதுதான் என் ஜெபம்.

ஆண்டவர் முதல் பாதியைக் கேட்டார். ரெண்டாவது பாதியைக் கேக்கல.

மறுநாள் காலையில வாசல்ல ஒரு லோடு ஆட்டோ வந்து நின்னுது. சிதம்பரத்துலேருந்து மாப்பிள்ளையும் அவங்க அம்மா எஸ்தர் அண்ணியும். தண்ணி கேன், அரிசி, மெழுகுவத்தி எல்லாம் கொண்டுவந்திருந்தாங்க. அண்ணி பேசிக்கிட்டு இருக்கும்போதே நான் காபி டம்ளரோட தூங்கிட்டேன். காபி மடியில கொட்டினப்பதான் முழிச்சேன்.

"என்ன அண்ணி இது? எங்க ஊர்ல கரண்ட் வந்துடுச்சு. எங்கூட கெளம்புங்க."

"வேணாம் அண்ணி, நான் இங்கயே இருக்கேன்."

என் வீட்டுக்காரர் உள்ள போயி பீரோவைத் திறந்து அந்தப் பையைக் கொண்டுவந்து அண்ணி கையில குடுத்தார். எல்லாத்தையும் சொல்லிட்டார். நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, புடவையில காபிக் கறையையே பாத்துக்கிட்டு இருந்தேன். அந்த வேன், அந்தப் பசங்க, எல்லாம் கண்ணு முன்னாடி வந்துது.

அண்ணி அந்த மாஸ்கை எடுத்து கையில வச்சுக்கிட்டாங்க. அவங்க வீட்டுக்காரர் 2006-ல தவறிட்டார். மாரடைப்புன்னு மட்டும்தான் எங்களுக்குத் தெரியும்.

"அவருக்கும் இப்படித்தான் அண்ணி. வீடே அதிரும். அன்னைக்கு மத்தியானம் சாப்ட்டுப் படுத்தாரு. கொஞ்ச நேரத்துல சத்தம் நின்னுச்சு. அப்பாடா, இன்னைக்காவது நிம்மதியா தூங்குறாரேன்னு நான்தான் கதவச் சாத்திட்டு வந்தேன்." மாஸ்கை என் பக்கமா நீட்டினாங்க. "இப்படி ஒரு மெஷின் இருக்குன்னு எங்களுக்கு யாரும் சொல்லல. நீங்க இத வச்சுக்கிட்டு பூட்டியா வச்சீங்க?"

நான் அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். இத்தனை நாளும் எனக்கு வெட்கம் குறட்டையைப் பத்தி. அன்னைக்குத்தான் அதை ஒளிச்சதைப் பத்தி வெட்கப்பட்டேன்.

அன்னைக்கே சிதம்பரம் போயிட்டோம். அண்ணி தன் ரூம்லயே கட்டிலை பிளக் பக்கமா இழுத்துப் போட்டாங்க. ஷீபா மாஸ்க் பட்டையை எனக்கு மாட்டிவிட்டா. "ஏம்மா எங்கிட்ட சொல்லல?"ன்னு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா.  நல்ல வேளை, மூக்குல மாஸ்க் இருந்துது, வாயைத் திறக்க முடியாது.

சாயங்காலம் வரைக்கும் தூங்கினேன். கண்ணைத் திறந்தா, பக்கத்துல நாற்காலி போட்டு அண்ணி உக்காந்திருக்காங்க.

"எப்பலேருந்து உக்காந்திருக்கீங்க அண்ணி?"

"நீங்க படுத்ததுலேருந்து. அந்த மெஷின் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தேன். ரெண்டு மாசக் கொழந்த மாதிரி சீரா மூச்சு விட்டீங்க."

எங்க தெருவுக்குக் கரண்ட் வர்ற வரைக்கும் அவங்க வீட்லதான் இருந்தேன். அங்க கதவை யாரும் சாத்தல. அண்ணி சாத்த விடல.

இப்ப 2012. பிரஷர் இறங்கியிருக்கு. நின்னு பாடம் நடத்துறேன். ஜெபத்துல என்னைத் தாங்கினவங்க எல்லாருக்கும் நன்றி, எதுக்காகத் தாங்கறீங்கன்னு நான் சொல்லாமலே தாங்கினீங்க. ஆண்டவர் என் குறட்டையை எடுத்துப் போடல. எனக்கு ஒரு டப்பாவைக் குடுத்தார், அதை வெளியில எடுத்து வைக்க ஒரு சம்பந்தியைக் குடுத்தார். இதுவும் சுகம்தான்னு நான் விசுவாசிக்கிறேன். வெட்கம் முழுசா போயிடுச்சுன்னு சொன்னா பொய். வெட்கத்தோடதான் இங்க நிக்கிறேன்.

நீங்களும் அவரை நம்புங்க. கேக்கக் கூச்சமா இருந்தா கூச்சத்தோடயே கேளுங்க, அவருக்கு ஒண்ணும் இல்ல. கூட்டம் முடிஞ்சதும் நான் வாசல் பக்கம் நிப்பேன். குறட்டைன்னு வாயால சொல்ல முடியலன்னா, "தூக்கம் சரியில்ல டீச்சர்"னு மட்டும் சொல்லுங்க. நான் புரிஞ்சுக்குவேன்.