இறுக்கிய கேபிள்

எங்கள் மோட்டார் சைக்கிள் மேட்டில் இழுக்காமல் போனதற்கு முதலில் பழி சுமந்தது என் உடம்புதான். "டீச்சரம்மா, சோத்த கொஞ்சம் கொறச்சா வண்டி தானா ஏறும்" என்பார் என் வீட்டுக்காரர். இன்ஜின் தொண்டை கிழியக் கத்தும், சக்கரம் மட்டும் வேண்டாவெறுப்பாகச் சுற்றும். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு மேலே உள்ள வளைவில் நான் இறங்கி நடப்பேன். என்னிடம் படிக்கிற முன்பள்ளிப் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிக்கும். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

அவர் இளந்தாரியாக இருந்த காலத்திலிருந்து தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர். இடது கையால் தேயிலைக் கிளையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் கத்தியை வீசுகிற வேலை. அதை விட்ட பிறகு இந்தச் சின்ன வண்டிதான் பிழைப்பு. விடியும்போதே கொட்டகலை பேக்கரியில் பாண் எடுத்து, தோட்டத்து வீடுகள் இருக்கிற லயம் லயமாகக் கொண்டுபோய் விற்றுவிட்டு, வந்து என்னைப் பள்ளியில் விடுவார். மழை பெய்தால் படங்கு போர்த்துவது பாண் பெட்டிக்குத்தான், அவருக்கு இல்லை.

கராஜுக்குப் போகலாம் என்று நான் சொல்லும்போதெல்லாம் ஏதாவது சாக்குச் சொன்னார். ஒருநாள் மேட்டில் வண்டி அடியோடு நின்று, பாண் பெட்டியோடு பின்னால் சரிந்தது. எப்படியோ காலை ஊன்றித் தப்பித்தார். அதற்குப் பிறகு அவர் பேச்சைக் கேட்க எனக்குப் பொறுமை இல்லை. அந்தச் சனிக்கிழமையே இழுத்துக்கொண்டு போனேன். கடைத்தெரு வரை இறக்கம் என்பதால் வண்டி போய்ச் சேர்ந்தது.

கராஜில் இருந்தவர் எங்களைவிட இளையவர். மூடியைக் கழற்றியதும் கருகல் வாடை அடித்தது. கிளச் பிளேட்டுகள் கறுத்துக் கிடந்தன.

"அண்ணே, கேபிள யாரு இப்பிடி இறுக்குனது? லீவர்ல கொஞ்சம் லூஸ் இருக்கணும். இல்லாட்டி கைய எடுத்தாலும் கிளச் பாதி அமுக்குன மாதிரியே நிக்கும். வழுக்காம என்ன செய்யும்?"

இவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புது பிளேட்டும் ஸ்பிரிங்கும் போட்டு, கேபிளைத் தளர்த்தி, "ஓட்டிப் பாருங்க" என்று கொடுத்தார் அந்தப் பையன். இவர் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து லீவரைப் பிடித்தார். அது பாதிக்கு மேல் வரவில்லை. கியர் போட்டதும் வண்டி ஒரு துள்ளு துள்ளி நின்றது. மறுபடியும் அப்படியே. பிறகு வலது கையைக் குறுக்கே கொண்டுவந்து, இரண்டு கையாலும் லீவரை இழுத்தார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. லேசாகத் தொட்டாலே கிளச் விட வேண்டும் என்று இவரேதான் கேபிளை இறுக்கியிருக்கிறார். இடது கையில் பிடி இல்லை. சில மாதமாகச் சட்டைப் பித்தானை என்னைப் போட்டுவிடச் சொல்வதைக் கொஞ்சல் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன் நான்.

"எப்ப இருந்து?" என்று கேட்டேன்.

"கவ்வாத்து விட்டப்பவே மரத்துப்போச்சு. இப்ப மூடவே மாட்டேங்குது." என்னிடம் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பினார். "பாஸ், பழையபடியே இறுக்கிருங்க."

"இறுக்குனா புதுசும் கருகிரும்ணே."

"கருகட்டும்."

கராஜ்காரர் என்னைப் பார்த்தார். எனக்குப் பாண் பெட்டி சரிந்த மேடு கண்ணுக்குள் வந்தது.

"வேணாம் தம்பி" என்றேன்.

என் வீட்டுக்காரர் சண்டை போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சாவியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, பஸ் நிற்கும் பக்கமாக நடந்தார்.

பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். இடது கை மடியில் கிடந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாலு பேர் முன்னால் நான் அவர் கையைப் பிடித்ததில்லை. அன்று பிடித்தேன். அவரும் என் கையைப் பிடிக்கத்தான் பார்த்தார். விரல்கள் மூடவில்லை.