கண்டக்டருக்கு வந்த மசக்கை

பஸ் கண்டக்டர் வேலைக்கு நல்ல தொண்டை வேணும், கூட்டத்தில் நசுங்காத கால் வேணும், எல்லாவற்றுக்கும் மேலே மனசில் இருப்பதை வெளியே காட்டாத ஒரு மூஞ்சி வேணும். முதல் இரண்டும் என்னிடம் இருந்தன.

கரிப்புகையில் ஓடிய பஸ்கள் ஒழிந்து டீசல் வண்டிகள் வந்த புதிது. புதுக்கோட்டைக்கும் மணமேல்குடிக்கும் போய்வரும் பஸ்ஸில் நான் கண்டக்டர். என் மனைவி பிலோமிக்கு அதற்கு முன்னால் இரண்டு தடவை கரு தங்காமல் போயிருந்தது. இரண்டு தடவையும் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்துவிட்டு, அப்புறம் உட்கார்ந்து அழுதோம். மூன்றாவது தடவை நாள் தள்ளிப்போனதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தத் தடவை ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாதீங்க" என்றாள். சரியென்று சத்தியம் பண்ணினேன்.

சித்திரை வெயில். அவளுக்குப் பச்சைத்தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை. லேடி டாக்டர் பார்த்துவிட்டு, "ஏதாவது குடிச்சு அது உள்ள தங்கணும், இல்லேன்னா இதுவும் கஷ்டம்தான்" என்று சொல்லிவிட்டார். ஏதாவது என்றால் எதை? யாரிடம் போய்க் கேட்பது? மசக்கைக்காரிக்குப் புருஷனாக இருந்து அல்லாடிய வாசகர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பானக்கம்

வல்லத்திராக்கோட்டையில் தினமும் காய்கறிக் கூடையோடு ஏறுகிறவர் பெரியநாயகி அக்கா. ஆறு பிள்ளை பெற்றவர். கேட்டால் இவரைத்தான் கேட்க வேண்டும் என்று முடிவு பண்ணினேன். ஆனால் சத்தியம் இருக்கிறதே. அதனால் ஒரு பொய்யை எடுத்து விட்டேன். "அக்கா, கொஞ்ச நாளா எனக்கு ஒடம்பு சரியில்லை. காலையில எந்திரிச்சா வாந்தி. சோறு கொதிக்கிற வாடையே ஆகலை."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். சிரிக்கவில்லை. வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, எலுமிச்சம்பழம் பிழிந்து, ஏலக்காய் ஒன்று தட்டிப் போட்டு, சுக்கை நகக்கண் அளவுக்குமேல் சேர்க்காமல், மண்கலயத்தில் ஊற்றி ஈரத்துணி சுற்றி வைக்கச் சொன்னார். எவ்வளவு பொறுமையாகச் சொன்னார் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். இறங்கும்போது திரும்பி நின்று சொன்னார்: "ஒரேயடியா குடிக்கக் கூடாது, மடக்கு மடக்கா குடிக்கச் சொல்லு... குடிங்க தம்பி."

பதநீர்

பானக்கம் இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் சுக்கு வாடை ஆகவில்லை என்று அதையும் ஓங்கரித்துவிட்டாள். அக்காவிடம், "எனக்குச் சுக்கு ஆகலைக்கா" என்று சொல்லி வைத்தேன். மணமேல்குடிப் பக்கம் பனைமரத்துக்குப் பஞ்சமில்லை. விடியற்காலையில் இறக்கிய பதநீரை ஒரு தூக்கில் வாங்கி, புத்திசாலித்தனமாக எஞ்சின் பக்கத்திலேயே வைத்தேன். அறந்தாங்கி வருவதற்குள் அது புளித்து நுரைத்து மூடியைத் தூக்கிவிட்டது. மதுவிலக்குக் காலம். அறந்தாங்கியில் ஏறியவரோ போலீஸ் ஏட்டு.

மோந்து பார்த்து, "இது யாருக்கு?" என்றார். "எனக்குத்தாங்க, மருந்துக்கு" என்றேன். "கள்ளுக் குடிக்கிறவன் பூராப் பயலும் அதைத்தான் சொல்றான்" என்றார். வேலை போயிரும் என்றே நினைத்தேன். அப்போது வியாபாரம் முடிந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த பெரியநாயகி அக்கா பின்னாலிருந்து, "அவருக்கு வாந்திங்க ஏட்டையா, காலையில மட்டும்" என்றார். ஏட்டையா மீசையைத் தடவிக்கொண்டார். பதநீரைத் தானே கீழே கவிழ்த்துவிட்டுத் தூக்கை என் கையில் கொடுத்தார். "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு கண்டக்டரே, மூணு தடவை. நுங்கு வாங்கிட்டுப் போங்க, நிக்கும்."

எள்ளுருண்டை

நுங்கு நின்றது. இளநீரில் நுங்கை மசித்துப் போட்டுக் கொடுத்தால் பிலோமி கிண்ணத்தைக் காலிபண்ணிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். அந்த ஏட்டையாவுக்கு மனசுக்குள் எத்தனை சல்யூட் வைத்தேனோ. உடம்பு கொஞ்சம் தேறியதும் அவளுக்கு இனிப்பின் மேல் ஆசை வந்தது. நான் வழக்கம்போல, "எனக்கு இனிப்பாத் திங்கணும்போல இருக்கு" என்று பஸ்ஸில் சொல்லி வைத்தேன். கந்தர்வக்கோட்டை முந்திரி வியாபாரி ஒருவர், பாவம், எங்கள் பஸ்ஸுக்குப் புதுசு. பையிலிருந்து ஒரு பொட்டலம் எள்ளுருண்டையை எடுத்து நீட்டினார்.

நான் கையை நீட்டுவதற்குள் பொம்பளைகள் சீட்டிலிருந்து மூன்று கை நீண்டு வந்து அதைத் தடுத்துவிட்டன. "அவருக்கு எள்ளு ஆகாதுங்க, சூடு" என்றார் ஒருவர். இன்னொருவர் தன் முந்தானை முடிச்சிலிருந்து பயத்தமாவு உருண்டையை எடுத்து என் பையில் திணித்தார். வியாபாரி முழித்தார். நான் அவரைவிட அதிகமாக முழித்தேன். எள்ளு யாருக்கு ஆகாது என்பது நம் பக்கத்தில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

பஸ் பூராவுக்கும் தெரிந்திருக்கிறது! பிலோமிக்கு மட்டும் இது தெரிந்தால், போன இரண்டு தடவை மாதிரி இதுவும் போயிரும் என்று பயந்தே படுத்துவிடுவாள். பெரியநாயகி அக்காவிடம் போய்க் கெஞ்சாத குறையாக, "அக்கா, எல்லாருக்கும் தெரியுமா?" என்றேன். அவர் கூடையைச் சரிபண்ணிக்கொண்டே சொன்னார்: "எங்களுக்கு என்னங்க தெரியும்? ஒங்களுக்கு வாந்தின்னீங்க, வைத்தியம் சொன்னோம்."

பிலோமி ஏறிய நாள்

ஏழாம் மாதம். மணமேல்குடியிலிருக்கும் அவள் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "யாரும் கேட்டா என்ன சொல்ல?" என்று நடுங்கியபடியே ஏறினாள். ஒருத்தரும் கேட்கவில்லை. நடு சீட்டு தானாகக் காலியானது. பள்ளம் எங்கே இருந்தாலும் தேடிப்போய் விடுகிற எங்கள் டிரைவர், அன்றைக்கு மாட்டுவண்டிக்கு வழிவிட்டுக்கொண்டு போனார். வல்லத்திராக்கோட்டையில் பெரியநாயகி அக்கா கூடை இல்லாமல் ஏறினார். ஒரு கலயத்தை, பிலோமியிடம் இல்லை, என் கையில் கொடுத்து, "கண்டக்டரே, ஒங்க மருந்து. வெயில் ஏறுறதுக்குள்ள குடிச்சிருங்க" என்று சொல்லிவிட்டு அங்கேயே இறங்கிக்கொண்டார். துணியை விலக்கினால், சுக்கு போடாத பானக்கம். பிலோமிக்குக் கொடுத்தேன்.

மணமேல்குடியில் இறங்கியதும், "ஒங்களுக்கு என்ன நோவு? எங்கிட்ட ஏன் மறைச்சீங்க?" என்று கேட்டாள். இனி மறைக்க முடியாது. ரோட்டோரத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவாள், அழுவாள் என்று பார்த்தால், பஸ்ஸிலிருந்து இறங்கிப் போகிறவர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். போர்த்தியிருந்த முந்தானையை எடுத்துவிட்டாள். "இத்தனை பேரு நம்ம பிள்ளையைக் காப்பாத்தியிருக்காங்க. இனிமே எனக்குப் பயமில்லைங்க."

இத்தனை வருஷக் கண்டக்டர் வேலையில் டிக்கெட் இல்லாமல் நான் ஏற்றிக்கொண்டுபோன ஒரே ஆள் என் மகள்தான், அதுவும் பஸ் பூராவுக்கும் தெரிந்தே.