தலைக்குள் ஒரு வலைக்குழாய்

அடையாள அட்டையில் மருத்துவ ஆய்வு ஒருங்கிணைப்பாளர் என்று போட்டிருக்கும். டாக்டர் பாதியில் விட்டுப்போன பேச்சையெல்லாம் பேசி முடிக்கிறவன் என்று அர்த்தம். இதே பிழைப்பில் கிடந்து அல்லாடும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மூளை ரத்தக்குழாயில் பலூன் மாதிரி வீக்கம் வந்தவர்களுக்குப் புதுவகை உலோக வலைக்குழாயைப் பொருத்திப் பார்ப்பது எங்கள் ஆய்வு.

சாம்பிள்

முத்துமாரி அக்காவுக்கு ஆமத்தூர். சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வெடிமருந்து செலுத்தும் வேலை. கணவர் இல்லை. அந்தச் சம்பளத்தில்தான் மகள் விருதுநகரில் பி.காம். படித்துக்கொண்டிருந்தாள். தலைவலி என்று வந்தவருக்கு ஸ்கேனில் வீக்கம் தெரிந்தது. வெடித்தால் பிழைப்பது கஷ்டம்.

கருவி புதுசு, இன்னும் சோதனையில்தான் இருக்கிறது, செலவு கம்பெனியுடையது, இஷ்டமில்லையென்றால் வேறு சிகிச்சை உண்டு என்று எல்லாவற்றையும் சொன்னேன். எப்போது வேலைக்குப் போகலாம் என்று கேட்டார். இரண்டு மாதத்தில் என்றார் டாக்டர். அக்கா யோசித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "எங்க கம்பெனியிலயும் சாம்பிளுக்கு ஒரு வெடிய வெடிச்சுப் பாத்துட்டுத்தான் சார் லோடு ஏத்துவாக. வெடிச்ச வெடி லோடுல ஏறாது. சரி, வைங்க."

வாசலில்

குழாய் ஒழுங்காகப் பொருந்தியது. இரண்டு மாதம் கழித்து அக்கா வேலைக்குப் போனார். போனவர் சும்மா இருந்திருக்கலாம். தலைக்குள் கம்பிவலை வைத்திருக்கிறார்கள் என்று போர்மேனிடம் வாயை விட்டுவிட்டார். மருந்து அறைக்குள் இரும்பு ஆகாது, உரசினால் தீப்பொறி. அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார் போர்மேன்.

விஷயம் தெரிந்து நானே ஆலைக்குப் போனேன். குழாய் மண்டை ஓட்டுக்கு உள்ளே, ரத்தக்குழாய்க்கும் உள்ளே இருக்கிறது, எதிலும் உரசாது என்று படம் வரைந்து காட்டினேன். போர்மேன் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனுஷர் இல்லை; வெடி விபத்தில் செத்தவர்களைத் தூக்கியவர். கடைசியில் சொன்னார்: "ஹேர்பின்னு, ஊக்கு எல்லாத்தையும் வாசல்லயே கழட்டி வச்சுட்டுத்தான் சார் உள்ள விடுறோம். இத எங்கன கழட்டி வைக்கச் சொல்ல?"

எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவதென்று தெரியவில்லை.

நல்ல சேதி

ஆறாம் மாத ஆஞ்சியோவில் வீக்கம் முழுசாக அடைபட்டிருந்தது. கருவிக் கம்பெனியின் அதிகாரி சென்னையிலிருந்து ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். அக்கா இப்போது மிளகாய் வத்தல் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் காம்பு கிள்ளப் போகிறார், அதுவும் கூப்பிட்டால்தான் வேலை என்று அவரிடம் சொன்னேன். அது ஆய்வு வரம்புக்குள் வராது என்றார். அக்காவிடம் திரும்பி, ஏதாவது தொந்தரவு உண்டா என்று சிரித்த முகமாகக் கேட்டார்.

அக்கா ஸ்வீட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு ஒரு கொறையும் இல்ல சார். மருந்து ரூம்ல நான் உக்காந்த எடத்துலதான் இப்ப எம் மக உக்காந்துருக்கா. காலேசுக்குப் போகல."

எங்கள் கருவிக்குப் பக்கவிளைவே கிடையாது என்று கம்பெனி சொல்வது சத்தியமான உண்மை, ஆஞ்சியோவில் தெரிகிற அளவுக்கு.