இருபத்திநாலு வோல்ட் ரயில்

பம்மல் ஜஹீராவைத் தெரியாதவர்கள்கூட அவள் வெட்டிய எழுத்துகளுக்கு முன்னால் நின்று ஒரு முறையாவது போட்டோ எடுத்திருப்பார்கள். தாம்பரம் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் மணமக்களின் பெயரைத் தாங்கி நிற்கும் தெர்மாகோல் எழுத்துகளில் பாதி அவள் கைவேலை. ரம்பத்தால் அறுத்தால் தெர்மாகோல் உதிர்ந்து வீடெல்லாம் பறக்கும். அதனால் அவள் வைத்திருப்பது ஒரு வில். அரை மீட்டர் மெல்லிய ஹீட்டர் கம்பியை இழுத்துக் கட்டி, பன்னிரண்டு வோல்ட் ட்ரான்ஸ்ஃபார்மரில் மாட்டிவிட்டால், கம்பி சூடாகிச் சத்தமில்லாமல் வெட்டும்.

சூடு குறைந்தால் கம்பி பிய்க்கும், கூடினால் உருக்கிப் பள்ளம் பறிக்கும். பிளஸ் டூவில் பிசிக்ஸில் தட்டுத்தடுமாறிப் பாஸானவள், இந்த வில்லுக்காக அந்தப் பாடத்தை மறுபடி எடுத்துப் படித்தாள். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் கம்பியின் ஓம், பெருக்கினால் வாட். இவ்வளவுதான் அவள் பிசிக்ஸ், ஆனால் இவ்வளவும் அத்துப்படி. ஷேர் ஆட்டோ ஓட்டும் கணவன் முஸ்தபா, அவள் நோட்டில் கணக்குப் போடுவதைப் பார்த்துச் சிரிப்பான். நோட்டில் எழுதினால் கம்பி சூடாகுமா என்று கேட்பான்.

போன மாதம் ஜீவிதா என்ற பெண் வந்தாள். ரிசப்ஷன் மேடையில் பெயர் வேண்டாம், எலெக்ட்ரிக் ட்ரெயின் வேண்டும் என்றாள். ஊரப்பாக்கத்தில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்குகிற வண்டியில்தான் அவளும் ஆல்வினும் நாலு வருஷம் பார்த்துப் பார்த்துப் பேசப் பழகினார்களாம். ஜஹீராவுக்கு அந்தக் கதை அவ்வளவு பிடித்துப்போனது. யோசிக்காமல் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

பெட்டியும் ஜன்னல்களும் சுலபமாக வந்துவிட்டன. வண்டியின் முகம்தான் மல்லுக்கு நின்றது. ஒரு மீட்டர் அகலத்தில் வளைந்த முகம். சின்ன வில்லால் துண்டு துண்டாக வெட்டி ஒட்டினால் பிஸ்கட் பாக்கெட் மாதிரி வரி வரியாக நின்றது. ஒரே இழுப்பில் வெட்ட, அதே மெல்லிய கம்பியில் ஒரு மீட்டர் வில் செய்தாள். அதே பன்னிரண்டு வோல்ட்டில் அந்தக் கம்பி வெதுவெதுப்போடு நின்றுவிட்டது. ரிசப்ஷன் அன்று காலை மணி ஒன்பது. மேடை அமைக்கும் சுந்தர்சிங் போனில் வந்தார். பன்னிரண்டு மணிக்குள் முகம் வராவிட்டால் ரயிலையே எடுத்துவிட்டு ஃப்ளெக்ஸ் அடித்துக் கட்டிவிடுவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

ஜஹீரா பசை வாங்கப் போன நேரம் பார்த்து முஸ்தபா உதவிக்கு வந்தான். பரணிலிருந்து பழைய எலெக்ட்ரிக் அடுப்பின் தடித்த கம்பியை எடுத்து வில்லில் மாட்டிவிட்டான். தடித்த கம்பியில் தடை குறைவு, கரண்ட் பாய்ந்தது, ட்ரான்ஸ்ஃபார்மர் புகைந்து செத்தது.

"தடிக் கம்பின்னா சூடு ஜாஸ்தியா வரும்னு பாத்தேன் ஜஹீரா" என்றான், முகம் தொங்கிப்போய்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை, வேறு ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்க எலெக்ட்ரிக் கடையும் திறந்திருக்காது. வாசலில் அவன் ஆட்டோ நின்றது. அதற்குப் பின்னால் அவன் கூட்டாளி பொன்னுசாமியின் ஆட்டோ. ஜஹீரா தடிக் கம்பியைக் கழற்றிவிட்டு மெல்லிய கம்பியையே வில்லில் மறுபடி கட்டி, நோட்டை எடுத்தாள். இரண்டே வரிதான் எழுதினாள், பிறகு வெளியே வந்து இரண்டு வண்டியின் பேட்டரியையும் கழற்றச் சொன்னாள்.

பொன்னுசாமி மிரண்டுபோய், "என் வண்டி பேட்டரி இன்னாத்துக்கு?" என்றார்.

"அண்ணா, சின்ன கம்பில பன்னெண்டு வோல்ட்டுக்கு மூணு ஆம்பியர் போச்சு. வகுத்தா நாலு ஓம். பெரிய கம்பி ரெண்டு மடங்கு நீளம், அப்ப எட்டு ஓம். அதே மூணு ஆம்பியர் போகணும்னா இருபத்திநாலு வோல்ட் வேணும். உங்களது பன்னெண்டு, இவரது பன்னெண்டு."

கேட்ட பொன்னுசாமி ஸ்பானரை எடுத்துவிட்டார். வண்டி ஸ்டார்ட் ஆகாதபோது இன்னொரு வண்டி பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுக்கிற பழக்கத்தில் ப்ளஸ்ஸோடு ப்ளஸ்ஸைச் சேர்க்கப் போனவரைத் தடுத்து, ஒன்றின் ப்ளஸ்ஸை மற்றதன் மைனஸில் ஜஹீராவே மாட்டினாள். கம்பியில் கோத்த ஆம்பியர் மீட்டர் மூன்று காட்டியது. அப்படியென்றால் எழுபத்திரண்டு வாட், பழைய முப்பத்தாறுக்குச் சரியாக இரு மடங்கு. கம்பி இரு மடங்கு நீளம் என்பதால் சாணுக்குச் சாண் அதே சூடு.

பெரிய வில்லை ஒருவர் பிடிக்க முடியாது. ஒரு முனையில் அவள், மறுமுனையில் முஸ்தபா. அவசரப்படாமல், தன் கையைப் பார்த்தே கையை நகர்த்தச் சொன்னாள். கம்பி இறங்கியது, வளைவில் திரும்பியது, வெளியே வந்தது. மேல் துண்டைத் தூக்கினால், வழவழவென்று ரயிலின் முகம். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. மணி பதினொன்றே கால். சாயங்காலத்துக்குள் ஆட்டோ ஸ்டாண்டு முழுக்க முஸ்தபா அந்தக் கணக்கைத் தானே போட்டது போலச் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஏழு மணிக்கு மணமக்கள் மேடை ஏறினார்கள். நாற்காலிப் பக்கமே போகவில்லை, நேராக ரயிலுக்குத்தான் போனார்கள். முதல் தடவை பார்த்தபோது ஜீவிதா கதவோரம் நின்றாள் என்றான் ஆல்வின். இல்லவே இல்லை, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன் என்றாள் அவள். கதவைத் தொட்டுக்காட்டி அவனும் ஜன்னலைத் தொட்டுக்காட்டி அவளும் வழக்காட, மொய்க் கவரோடு நின்ற வரிசை வாசல் வரை போய்விட்டது. இருவரும் விடுவதாக இல்லை.

கடைசியில் ஜீவிதா, மேடைக்குக் கீழே நின்ற ஜஹீராவைப் பார்த்து, "அக்கா, நீங்களே சொல்லுங்க. நான் எங்க இருந்தேன்?" என்றாள்.

ஜஹீராவுக்கு என்ன தெரியும்? அவள் அந்த வண்டியில் போனவளா? ஆனால் தான் வெட்டிய ரயிலில் இரண்டு பேர் நிஜமாகவே ஏறி இடத்துக்குச் சண்டை போடுவதைப் பார்க்க அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஜன்னலோரம்தான் என்று பெண் பக்கமே தீர்ப்புச் சொன்னாள்.