பூஜைக்கு மாற்றிய ஆயில்

தறியை விட்டு வாடகைக் கார் ஓட்ட வந்த உமாபதிக்குப் பதினெட்டு வருஷத்துப் பழைய லேண்ட்மாஸ்டர் கார்தான் சோறு. மெக்கானிக் அப்பாதுரை அதன் எஞ்சினுக்கு எப்போதும் விலை குறைந்த கெட்டி ஆயிலையே ஊற்றுவார். ஆயுத பூஜையன்று உமாபதிக்கு மனசு கேட்கவில்லை. பொட்டு வைத்துக் கும்பிடுகிற வண்டிக்கு மட்டமான ஆயிலா? புதுக் கார்களுக்கென்று வந்திருந்த உசத்தி ஆயிலை வாங்கித் தன் கையாலேயே மாற்றினான். இரண்டு நாள் வண்டி சிட்டாய்ப் பறந்தது. மூன்றாம் நாள் ஐயம்பேட்டை தாண்டியதும் எஞ்சின் கடகடவென்று அடித்து, இறுகி நின்றுவிட்டது.

அப்பாதுரை பிரித்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "தேய்ஞ்சுபோன எஞ்சின்பா. தண்ணியாட்டம் ஆயில் ஊத்தனா எங்க நிக்கும்? உள்ள எல்லாம் போச்சு. இனிமே இரும்பு வெலைதான்."

"ஒசந்ததுன்னுதானேண்ணே ஊத்தனேன்," என்றான் உமாபதி. பானெட்டில் அவன் வைத்த சந்தனப் பொட்டு இன்னும் உதிரக்கூட இல்லை.