போல்ட் பொருந்தினால் போதுமா?

என் பழைய ஜீப்பின் முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக். பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் கசியவே, ஈக்காட்டுத்தாங்கல் மெக்கானிக் ஒருவர் வேறொன்றை மாட்டினார். "இது டிஸ்க்குக்கு உள்ளதுதானா?" என்று கேட்டேன்.

"போல்ட்டு கரீட்டா ஒக்காந்துகீது சார், அப்பால இன்னா?" என்றவர், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து பக்தியோடு அனுப்பினார்.

அடையாறு பாலத்து இறக்கத்தில் பெடல் அடிவரை போயும் வண்டி நிற்கவில்லை. ஹேண்ட்பிரேக்கை இழுத்து, முன்னால் நின்ற பள்ளி வேனுக்கு ஒரு சாண் பின்னால் நிறுத்தினேன். வேறு பட்டறையில் கழற்றிப் பார்த்தால், டிரம் பிரேக்குக்கான, உள்விட்டம் சிறிய சிலிண்டர். டிஸ்க்குக்குப் போதுமான ஆயிலைத் தள்ளாது.

எலுமிச்சம்பழ மெக்கானிக்கிடம் போய்க் கேட்டேன். "பழம் ஒண்ணு சரியா நசுங்கல போல கீது சார்" என்றார்.

இப்போதெல்லாம் சிலிண்டரின் உள்விட்டத்தை நானே அளந்த பிறகுதான் மாட்டவிடுகிறேன். எலுமிச்சம்பழத்தை ஜூஸ் போட்டுக் குடித்துவிடுகிறேன்.