பதினான்கு இடங்களில் பாடு

அந்தச் சுவரொட்டியில் ஓர் எழுத்துக்கூடப் பிழை இல்லை. இன்றைக்கு யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். என் கையால் எழுதி, படகுத்துறையிலும் மீன் ஏலம் போடும் இடத்திலும் டீக்கடைச் சுவரிலும் நானே ஒட்டியது. "பங்கு இளைஞர்களின் பாடுகளின் பயணம். வெள்ளிக்கிழமை காலை. ஏரியில் பதினான்கு ஸ்தலங்கள். அனைவரும் வருக."

கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இதில் புரியாதது ஒன்றும் இல்லை. பங்கு என்றால் எங்கள் பங்குக் கோயில். பாடுகள் என்றால் இயேசு பட்ட பாடுகள். ஸ்தலங்கள் என்றால் சிலுவைப்பாதையில் நின்று நின்று முழங்கால் போட்டுச் செபிக்கிற பதினான்கு இடங்கள். தவக்காலத்தில் எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

ஆனால் பழவேற்காட்டில் பாடு என்றால் வேறு. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டலாம் என்று மீனவ ஊர்கள் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்ளும் முறைக்குப் பாடு என்று பெயர். அந்த உரிமை அந்தந்த ஊர் ஆண்களுக்குத்தான். வெளியாள் வாயைத் திறந்து கேட்கவும் முடியாது. பங்கு என்றால் பங்குதான், கிடைப்பதில் ஒரு பாகம். ஆக, என் சுவரொட்டி ஏரிக்கரை ஊர்களின் காதில் இப்படி விழுந்திருக்கிறது: பங்கு கேட்கிற இளைஞர்கள் வெள்ளிக்கிழமை ஏரியில் இறங்கிப் பதினான்கு இடங்களில் பாடு பிடிக்கப்போகிறார்கள், எல்லாரும் வாங்க.

சாயங்காலத்துக்குள் ஊர்க்கூட்டத்திலிருந்து எங்களைக் கூப்பிட ஆள் வந்துவிட்டது.

பயணம் ஏரிக்கு வந்ததே என் பிடிவாதத்தில்தான். இளைஞர்கள் இயற்கையோடு ஒன்றி ஓர் ஆன்மீகப் பயணம் போக வேண்டும் என்று மறைமாவட்டத்திலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். எங்கள் ஃபாதர் தெற்கத்திக்காரர், மண்ணும் மலையும் பார்த்து வளர்ந்தவர். வேன் பிடித்து மலைக்குப் போகலாம், அங்கே அருவி இருக்கிறது என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"நம்ம ஏரி இயற்கை இல்லயா ஃபாதர்? பூநாரை பாக்கணும்னு மெட்ராஸ்லருந்து கார் போட்டுகினு வரானுங்க. நாம அருவி பாக்க வேன் புடிக்கணுமா?"

"ஆழம் தெரியாம கால விடாதம்மா" என்றார் அவர்.

"ஆழம்லாம் தெரியும் ஃபாதர். இடுப்பளவுதான்" என்றேன். பையன்கள் சிரித்துவிட்டார்கள். ஃபாதரும் சிரித்தார், அதோடு வேன் யோசனை போயிற்று.

ஏரியைக் கேட்டதற்கு எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அது என் அம்மா. எங்கள் தெருவுக்குப் பாடு கிடையாது. வலையும் படகும் கிடையாது. அம்மா கரையோரத் தண்ணீரில் குனிந்து, இறாலைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றில் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பாள். தாடை தண்ணீரில் உரசும். தடவுகிற மும்முரத்தில் கொஞ்சம் உள்ளே போய்விட்டால் படகிலிருந்து சத்தம் வரும். "ஏய், பாடு நடக்குற தண்ணில இன்னா வேல? வெளிய போ." அம்மா விலகிவிடுவாள். கரையில் நிற்கிற நான்தான் பல்லைக் கடிப்பேன்.

அதனால் ஸ்தலங்களைப் பிரித்தபோது பன்னிரண்டாம் ஸ்தலத்தை, ஆண்டவர் சிலுவையில் உயிர்விடுகிற இடத்தை, ஏரிக்குள் இருக்கும் மணல்திட்டில் வைத்தேன். திட்டுக்குப் போக வேண்டுமானால் பாடு நடக்கிற தண்ணீரின் நடுவேதான் நடக்க வேண்டும். அந்தத் தண்ணீரில் என் அம்மா ஒரே ஒரு முறை, யாரும் விரட்டாமல் நடந்து போக வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கூட்டத்துக்குப் போகும் வழியில் எங்கள் இளைஞர் குழுத் தலைவன் தயங்கினான். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை பார்க்கிறவன், வம்பு தும்பு வேண்டாம் என்கிற ரகம். "சாரி கேட்டுட்டு, சுவரொட்டியக் கிழிச்சிடலாம்" என்றான்.

"நீ கிழி. நான் மறுபடி ஒட்றேன்" என்றேன்.

அம்மன் கோயில் முன்னால் மணலில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் வருகிற இடமில்லை அது. ஃபாதரோடு நானும் போய் நின்றேன். ஊர்த் தலைவர் கையில் என் சுவரொட்டி இருந்தது, மூலை மட்டும் கிழிந்து.

"இன்னா பாப்பா இது? பதினாலு எடத்துல பாடு போட்டுக்கீறீங்க. சீட்டு யாரு குலுக்குனது?"

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ஃபாதர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆதாம் ஏவாளிடமிருந்து ஆரம்பித்தார். அவர் நோவாவின் பேழைக்கு வருவதற்குள் நான் குறுக்கே விழுந்தேன்.

"அண்ணா, இது எங்க சாமி பட்ட பாடு. வல கட்ற பாடு இல்ல."

பின்னாலிருந்து ஒரு குரல்: "அதான பாத்தேன். இந்த ஏரில பதினாலு எடத்துல எறா ஏது?" மணல் முழுக்கச் சிரிப்பு. ஃபாதர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. திட்டுக்குப் போகிற வழியை விசாரித்தார். நான் சொன்னதும் ஓர் ஆளைக் கைகாட்டினார். முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த, ஒல்லியான, நடுவயது ஆள்.

"சாமி பாடு சரிம்மா. வெள்ளிக்கெழம அந்தத் தண்ணி இவன் பாடு. இத்த உட்டா மறுபடி எப்ப வருமோ. நீங்க கும்பலா எறங்கிக் கலக்குனா எறா நிக்காது. நாங்க சொல்றதுக்கு ஒண்ணுமில்ல, அவன்தான் சொல்லணும்."

அந்த ஆள் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கரையோரமாவே நடந்து கும்புடலாமே. அந்தத் தண்ணியே ஏன் வோணும்?"

செபம், தியாகம், இயற்கை என்று பதில்கள் வைத்திருந்தேன். வாயில் வேறுதான் வந்தது.

"எங்கம்மா ஆயுசுக்கும் கரையோரமாவே தடவிகினு கீது. நடுவுல ஒருவாட்டி நடக்கட்டும்னுதான்."

என் அம்மா யார் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். அவளை விரட்டியவர்களில் பாதிப் பேர் அந்த மணலில்தான் இருந்தார்கள். அந்த ஆள் விரலால் மணலில் ஒரு கோடு கீறினார்.

"நீங்க தாண்டிப் போன பொறவு நான் வல கட்டிக்கிறேன்" என்றார். "ஒண்ணு சொல்லிட்றேன். ஒரு எறா தொடக்கூடாது. யாரும்."

"தொட மாட்டோம்."

"எறங்கிக்கங்க."

வீட்டில் சொன்னபோது அம்மா திட்டினாள். "உனுக்கு இன்னாத்துக்குடி இந்த வம்பு? நாளைக்கு நான்தான் அதே தண்ணில தடவணும்." ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் கிறிஸ்மஸ் புடவையைக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னாலேயே வாசலில் நின்றாள்.

டச்சுக்காரர் கல்லறை வாசலில் தொடங்கினோம். இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கிற வாசல். முதல் ஸ்தலம் ஆண்டவருக்குச் சாவுத் தீர்ப்பு என்பதால் அதைவிடப் பொருத்தமான இடம் எந்த மலையிலும் கிடைத்திருக்காது. வலை கட்டுகிற கழி இரண்டைக் குறுக்கே கட்டியதுதான் சிலுவை. பையன்கள் தோள் மாற்றிச் சுமந்தார்கள். பள்ளிவாசல் தெருவில் ஒரு கடைக்காரர் எல்லாருக்கும் நன்னாரி சர்பத் கொடுத்தார். கண்டல் புதரோரம் சேற்றில் ஃபாதரின் செருப்பு ஒன்று காணாமல் போனது. நாங்கள் பாடிய சத்தத்துக்குப் பூநாரைகள் கூட்டமாக எழுந்து பறந்து, கொஞ்ச தூரத்தில் மறுபடி இறங்கின. தெற்கே துறைமுகத்தின் கிரேன்கள் தெரிந்தன. வேன் பிடிக்காமல் போனதற்கு அன்று யாரும் வருத்தப்படவில்லை, செருப்பு போன ஃபாதர் உட்பட.

பதினோராம் ஸ்தலம் முடிந்து தண்ணீரில் இறங்கினோம். அந்த ஆள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு படகில் உட்கார்ந்திருந்தார். வலை படகில் குவிந்து கிடந்தது. எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அம்மா எனக்குப் பின்னால் வந்தாள். தண்ணீருக்குள் அவள் குனிந்திருப்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். இடுப்பளவுத் தண்ணீரில் அவள் நிமிர்ந்து நடப்பதை அன்றுதான் பார்த்தேன். அவ்வளவு உயரமா என் அம்மா என்று இருந்தது.

படகுக்கு நேரே வந்தபோது சட்டென்று நின்றுவிட்டாள். அவளுக்குப் பின்னால் வந்த எல்லாரும் நின்றார்கள்.

"இன்னாம்மா?"

"காலடில எறா" என்றாள் மெதுவாக. "பெருசு. மூணு கீது."

அவள் வலது கை தன்பாட்டில் தண்ணீருக்குள் போயிருந்தது. காலுக்குத் தட்டுப்பட்ட இறாலை அம்மா விட்டு நான் பார்த்ததே இல்லை. விட்டால் அன்று எங்கள் வீட்டில் குழம்பு இல்லை. படகில் அந்த ஆளும் கழுத்தை நீட்டிப் பார்த்தார். ஊர்க்கூட்டத்தில் நான் கொடுத்த வாக்கு இப்போது அம்மாவின் ஐந்து விரலில் இருந்தது.

அம்மா கையை வெளியே எடுத்தாள். புடவை முந்தானையில் துடைத்தாள். படகைப் பார்த்து, அவருக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகவே சொன்னாள்.

"மூணு எறா கீது தம்பி, இங்க. உட்டுட்டேன். இன்னிக்கி இது உன் பாடு."

சொல்லிவிட்டு நடந்தாள். அந்த ஆள் படகில் எழுந்து நின்று, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். சிலுவை அப்போது எங்களுக்கு வெகுமுன்னால் திட்டில் ஏறிவிட்டிருந்தது. அவர் எழுந்து நின்றது என் அம்மாவுக்குத்தான்.